புதூர்நாட்டில் ஒரு வேளைச் சாப்பாடு

வாணியம்பாடியில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையிலிருந்து வருஷம் தவறாமல் இத்தாலிக்குத் தோல் போகிறது. நான்தான் போனதில்லை. என் மனைவி படுக்கையில் கிடந்த மாதங்களில் போனில் அந்த நாட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு தம்பதி கிராமம் கிராமமாகப் போய், பழைய கல் வீடுகளில் தங்கி, தோட்டத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். "நாமளும் இப்படி எங்கயாவது போய்ச் சாப்பிடலாமாங்க" என்றாள் ஒருநாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தொண்டைக் கட்டிக்கு வேலூரில் கதிர்வீச்சு வைத்தியம் முடிந்ததிலிருந்து அவளுக்கு நாக்கில் ருசியே கிடையாது. பிரியாணிக்குத் தம் உடைக்கும்போதே உப்பு கூடவா குறைவா என்று வாசனையில் சொல்லிவிடுகிறவள் அவள். இப்போது எதை வைத்தாலும் மண் மாதிரி இருக்கிறது என்று தட்டைத் தள்ளினாள். ஆள் பாதியாகிவிட்டாள். டாக்டரைக் கேட்டால், "ருசி வரலாம், பொறுங்க" என்கிறார். பொறுத்ததைத் தவிர நான் என்னத்தைக் கிழித்தேன்? அவளே வாய்திறந்து சாப்பாடு கேட்டதும், ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுப் பக்கம் விருந்தினருக்கு அறை விடும் ஒரு விவசாயி வீட்டைப் பிடித்தேன். சாமைச் சோறு, நாட்டுக்கோழி, ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு. ஒரு வேளை அவள் வயிறாரச் சாப்பிட்டால் போதும் என்றிருந்தது.

ஜீப் குலுக்கியதில் அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. வீட்டுக்காரர் புளி மூட்டையோடு சந்தைக்குப் போயிருந்தார். அவர் மனைவிதான் வாசலில் நின்றிருந்தாள். காலில் கயிறு கட்டிய ஒரு சேவலையும் கத்தியையும் என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"இந்தாங்க பாய். நாங்க அறுத்தா நீங்க சாப்பிட மாட்டீங்கன்னு தெரியும். நீங்களே ஓதி அறுத்துக் குடுங்க, நான் ஆக்கிடறேன்."

எவ்வளவு யோசனையான மனுஷி! வந்தது வினை. பிறந்ததிலிருந்து தோல் நாற்றத்தில் வளர்ந்தவன் நான். உப்புக்கண்டம் போட்ட மாதிரி வரும் பச்சைத்தோலைத் தொட்டே ஆடு எந்த ஊர் ஆடு என்று சொல்வேன். ஆனால் உயிரோடு இருக்கும் ஒன்றை அறுத்ததில்லை. பக்ரீத்துக்குக்கூட ஆள் வைத்துத்தான். மனைவியோ ஒரு டம்ளரையே இரண்டு கையால் பிடிக்கிற நிலையில் இருந்தாள்.

பிஸ்மில்லா சொல்லி, சேவலின் கழுத்தைப் பிடித்தேன். அது துடிப்பது உள்ளங்கையில் தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கயிறு எப்போது அவிழ்ந்தது என்று எனக்குத் தெரியாது. சேவல் என் முகத்தில் ஒரு அடி அடித்துவிட்டுச் சாமைக்கொல்லைக்குள் ஓடியது.

"இன்னா பாய், தோலு கம்பெனின்னு சொன்னீங்க, ஒரு கோழி அறுக்க வரலயா?" என்று சிரித்துக்கொண்டே, அடுப்பில் மொச்சைக் குழம்பு கொதிக்கக் கொதிக்க அவளும் பின்னால் ஓடினாள். சேவல் அகப்படவில்லை. என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! ஆனால் இவ்வளவு தூரம் அழைத்து வந்து, ஆசைப்பட்ட கறியைக்கூட என்னால் போட முடியவில்லையே என்று எனக்கு அழுகை முட்டியது.

கடைசியில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும்தான். விருந்தாளி கை வைப்பதற்கு முன் சமைத்தவள் ருசி பார்ப்பது அந்த வீட்டில் வழக்கமில்லை. இலையில் பரிமாறிவிட்டுத் தள்ளி நின்றாள்.

மனைவி ஒரு வாய் வைத்தாள். நான் சாப்பிடாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு வாய். பிறகு இன்னொன்று.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க. உப்பு, புளி, காரம் எல்லாம் சரியா இருக்கு."

அல்லாவே என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று. வந்துவிட்டது, ருசி வந்துவிட்டது. வீட்டுக்குப் போனதும் எல்லோருக்கும் போன் போட வேண்டும் என்று நினைத்தபடி என் இலையில் கை வைத்தேன்.

குழம்பில் உப்பே இல்லை.

புளியும் மிளகாயும் பச்சையாக நாக்கில் நின்றன. நிமிர்ந்து பார்த்தேன். அவள் தலையைக் குனிந்து, உருட்டி உருட்டி விழுங்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாய்க்கும் தொண்டை வலித்தது அவள் கழுத்தில் தெரிந்தது. எனக்காகத்தான் தின்கிறாள். போதும் விடு என்று சொன்னால் அவளுக்கு அந்தப் பொய்யும் இல்லாமல் போகும். "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துங்க" என்று நானும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

நாங்கள் எழுந்த பிறகு அந்தப் பெண் தன் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு வாய் வைத்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அய்யய்யோ, கோழி பின்னால ஓடினதுல குழம்புக்கு உப்பே போடலயே! ஒரு வார்த்த சொல்லக்கூடாதா பாய்?"

கொல்லையில் கை கழுவக் குனிந்திருந்த என் மனைவி அப்படியே நின்றாள். மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குத் தெரியலயா?"

"இல்லையே" என்றேன்.

"பொய்."

நீ சொன்னது மட்டும் என்ன என்று கேட்க வாயெடுத்தேன். அவள் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றாள். நான் செம்பை எடுத்துத் தண்ணீர் ஊற்றினேன்.