பவளப்பாறையில் ப்ராக்ஸி செல்லாது

கடலில் முங்குபவர்களுக்கான ஸ்கூபா கடையில் வேலை பார்க்கத் தைரியம் தேவையில்லை. பயத்தை முகத்தில் காட்டாமல் பில் போடத் தெரிந்தால் போதும். பென்டில் ஹில்லில் ரயிலேறி, சிட்னி கடற்கரைப் பக்கம் ஒரு கடையில் நான் செய்வது அதைத்தான். தண்ணீரைக் கண்டால் இரண்டடி தள்ளி நிற்கும் அம்மாக்களுக்கு என் நிலைமை புரியும். சிட்னியின் குளிர்ந்த கடலில் பயிற்சி முடித்தது போதாது என்று முதலாளி ஹெலன் சொல்லிவிட்டார். வடக்கே பவளப்பாறைக்குக் கடை அழைத்துப்போகும் பயணத்தில் நானும் ஒருமுறை இறங்க வேண்டும். இறங்கினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் இந்த சீசனோடு சரி. வீட்டில் மூன்று வயது மகள். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவளுக்கு யார்?

முன்னும் பின்னும்

பயணத்துக்கு வருபவர்களுக்கு வெட்சூட் அளவு பார்ப்பது என் வேலை. உடம்போடு ஒட்டும் ரப்பர் உடை அது. ஜிப் முதுகுப்பக்கம் வர வேண்டும். ஹோம்புஷ்ஷிலிருந்து வந்த ஐ.டி. தம்பி ஒருவர் உடை மாற்றும் அறைக்குள் போனவர் வரவேயில்லை. முனகல் மட்டும் வந்தது. கடைசியில் கதவு திறந்தபோது ஜிப் நெஞ்சில் இருந்தது, கழுத்துப்பட்டை தொண்டையை நெரித்தது, முகம் தக்காளி. அப்போதும் கழற்றுகிறேன் என்று சொல்லவில்லை அவர். அந்தப் பிடிவாதத்தில் பாதி எனக்கு இருக்கக் கூடாதா!

"இப்பவே மூச்சு முட்டுதுக்கா. பரவால்ல, தண்ணிக்குள்ள போனா சரியாயிடும்ல?"

பேர் கூப்பிடும் நேரம்

எங்கள் வழிகாட்டி தர்ஷினி யாழ்ப்பாணத்துக்காரி, என் வயதுதான். முங்கியவர்கள் படகேறியதும் ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். அவரவர் வாயால் அவரவர் பதில் சொல்ல வேண்டும். நீரோட்டம் பலமான இடம். ஓர் ஆளை விட்டுவிட்டுப் படகு கிளம்பினால் அவ்வளவுதான்.

பவளப்பாறையில் முதல் நாள் "கவிதா" என்று கூப்பிட்டாள். "வந்தாச்சு" என்றார் கணவர் முரளி, தலையைத் துவட்டிக்கொண்டே. நம் வீடுகளில் மனைவிக்கும் சேர்த்துக் கணவர் பதில் சொல்வது வழக்கம்தானே. எனக்குக்கூட அது தப்பாகத் தோன்றவில்லை. தர்ஷினி அசையவில்லை. "கவிதா அக்கா தன்ர வாயால சொல்லட்டும்" என்றாள். ஒரு சத்தமும் இல்லை. திரும்பிப் பார்த்தால், படகுக்குப் பின்னால் வெகுதூரத்தில், முங்குபவர்கள் கூடவே கொண்டுபோகும் ஆரஞ்சு மிதவை ஒன்று. ஏணிக்குப் பக்கத்தில் கயிறு கைநழுவி, கவிதா நீரோட்டத்தோடு போய்க்கொண்டிருந்தார்! தர்ஷினி ரப்பர் படகை எடுத்துக்கொண்டு பறந்தாள். கவிதாவோ மிதவையைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல நிதானமாக இருந்தாராம். படகேறியதும் நேரே கணவரிடம்தான் போனார்.

"நான் நடுக்கடல்ல மிதக்கிறேன், நீங்க இங்க எனக்கு ப்ராக்ஸி கொடுக்கிறீங்களா?"

என் முறை

மறுநாள் நான். கரையை விட்டுக் கிளம்புமுன் மகளை வீடியோவில் பார்த்துவிட்டேன். அதுவே தப்பாகப் போயிற்று, கண் நிறைந்துவிட்டது. அந்தக் கண்ணோடுதான் குதித்தேன். கீழே போனதும் நீரோட்டம் இடுப்பைப் பிடித்து இழுத்தது. எதிர்த்து உதைத்தேன். உதைக்க உதைக்க மூச்சு வாங்கியது. சிலிண்டரில் காற்று மளமளவென்று குறைந்தது. தர்ஷினி என் முன்னால் வந்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்: விடு. கான்வென்ட்டில் சிஸ்டர்களிடம் படித்தவள் நான், சொன்னால் கேட்பதில் முதல் மாணவி. உதைப்பதை விட்டேன்.

அதன்பிறகு நீரோட்டமே தூக்கிக்கொண்டு போனது. லிட்கம் ஸ்டேஷனில் நிற்காமல் போகும் ரயிலின் ஜன்னல் மாதிரி, பவளப்பாறை மஞ்சளும் ஊதாவுமாக ஓடியது. ஓர் ஆமை எங்களைச் சட்டையே செய்யாமல் மேய்ந்துகொண்டிருந்தது. அழகு தாங்காமல் முகக்கண்ணாடிக்குள்ளேயே அழுதேன். மேலே வந்தபோது, எங்கள் காற்றுக்குமிழிகளைப் பார்த்தே பின்தொடர்ந்த படகு பக்கத்தில் நின்றது. "இவ்வளவு பயந்தவளை எந்தத் தைரியத்தில கூட்டிட்டுப் போனே?" என்று தர்ஷினியிடம் கேட்டேன்.

"பயந்த ஆக்களோட இறங்கத்தான் எனக்குப் பயமில்லை. அவைதான் நான் சொன்னதைக் கேப்பினம்."

வேலை நிரந்தரமாகிவிட்டது, பயமும் நிரந்தரமாகிவிட்டது, உயிரோடு திரும்பி வந்த அம்மா ஒரு மீன்கூடக் கொண்டுவரவில்லை என்று மகளுக்குத்தான் இன்னும் கோபம் தீரவில்லை.