முதல் வரிசைக்கு ஏறாத கார்

புதன்கிழமை பகல் பத்து நாற்பதுக்குச் செய்தி வந்தது. லிஃப்ட் மெக்கானிக் அப்போது ஓர் ஆறு மாடிக் கட்டடத்தில், மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே, லிஃப்ட் கூண்டின் தலைமேல் உட்கார்ந்து கம்பிக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். போனில் பேசியது மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி.

"உங்க மச்சான் மெஷின் முன்னாடியே சாஞ்சுட்டாருங்க. டாக்டர் வந்து பார்த்தார். ஒண்ணும் பண்ண முடியலைன்னுட்டார்."

மெக்கானிக்கின் மனதில் முதலில் எழுந்தது, 'நாளைக்குக் காரைப் பார்க்க வர்றேன்னாரே' என்பதுதான். அக்கா தாலியிழந்து நிற்கும்போது கார் நினைப்பா என்று அடுத்த நொடியே கூசிப் போனார். ஆனால் நினைப்பு நம்மைக் கேட்டுக்கொண்டா வருகிறது?

மச்சானுக்கு 'அரைமில்லி' என்று பெயர். கடையின் பின்னறையில் முப்பத்தோரு வருஷம் லென்ஸ் தேய்த்தவர். சக்கரத்தின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். நகக்கண்ணில் எப்போதும் வெள்ளைச் சேறு. எதைப் பார்த்தாலும் "அரை மில்லி தள்ளியிருக்கு" என்பார். சுவரில் மாட்டிய படம், மேஜையில் வைத்த தட்டு, பெண் பார்க்கப் போன இடத்தில் எதிரே உட்கார்ந்தவரின் மீசை, எதையும் விட்டதில்லை. அந்த மீசை, பிற்பாடு அவருக்கு மாமனார் ஆனது.

அவரிடம் கார் கிடையாது. ஓட்டவும் தெரியாது. ஒரு தடவை லைசென்ஸ் சோதனைக்குப் போனார். எதிரே வந்த பழைய வண்டி ஒன்றைத் திரும்பிப் பார்த்தபடியே போய் மண்மேட்டில் ஏற்றிவிட்டார். அத்தோடு அந்த ஆசைக்கு முழுக்கு. ஆனால் கடைக்கு வருகிறவர்கள் புரட்டுவதற்காகக் கிடந்த வாகனப் பத்திரிகைகளை இருபது வருஷம் எழுத்தெண்ணிப் படித்திருந்தார். எந்தக் காரின் எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

இதனால்தான் பழைய கார்ச் சங்கத்தார் அவரைத் தேடி வந்தார்கள். வருஷா வருஷம் மைதானத்தில் அவர்கள் கண்காட்சி வைப்பார்கள். முதல் வரிசை சூப்பர் கார், இரண்டாம் வரிசை ஸ்போர்ட்ஸ் கார், மூன்றாவது வரிசை மற்ற குடும்ப வண்டிகள். யார் எந்த வரிசை என்பதில் ஒரு வருஷம் கைகலப்பு வரை போயிற்று. அதன் பிறகு சங்கத்தில் ஒரு விதி போட்டார்கள்: சொந்தமாகக் கார் வைத்திருப்பவன், வண்டி முன்னால் வைக்கும் அட்டையை எழுதக் கூடாது. கார் இல்லாத, ஆனால் கார் தெரிந்த ஆள் ஊரெல்லாம் சலித்ததில் அரைமில்லி ஒருவர்தான் தேறினார்.

அட்டையில் வருஷம், என்ஜின், இருக்கை, வகை என்று நாலே வரி. அந்த நாலாவது வரிக்காகப் பெரிய மனிதர்கள் எல்லாம் பஸ்ஸில் வந்து இறங்கும் மச்சானிடம் பல்லிளித்து நின்றார்கள்.

"என் வண்டி என்ன வேகம் போகும் தெரியுமா?" என்று ஒருவர் மார்தட்டுவார்.

"ஆம்புலன்ஸும்தான் போகுது. முதல் வரிசையில நிறுத்திடலாமா?"

வேகம் வேண்டும், ஆனால் அதன் காலத்தில் மற்றவன் கனவிலும் காணாத வேகமாக இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. என்ஜின் பந்தயக் காரில் இருப்பதுபோல் ஓட்டுகிறவன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் விசேஷம். கொஞ்சம்தான் செய்திருக்க வேண்டும். தெருவில் நின்றால் வேலைக்குப் போகிறவன் வேலையை மறக்க வேண்டும். இதெல்லாம் பத்திரிகையிலேயே இருக்கிறது. அவராகச் சேர்த்தது ஒன்று: "ஸ்போர்ட்ஸ் கார், ஓட்டுறவனைக் கேட்டுச் செஞ்சது. சூப்பர் கார் யாரையும் கேக்காமச் செஞ்சது. அவன் உக்கார இடம் குடுத்ததே பெருசு."

மெக்கானிக்கிடம் ஒரு கார் இருந்தது. கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்ததை எடுத்து ஆறு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்னக் கொடுத்து எழுப்பிய சிவப்பு இரண்டு இருக்கை வண்டி. நாற்பது வருஷப் பழசு. ஓடினால் காற்றுக்கே மூச்சு வாங்கும். ஆனால் என்ஜின் முன்னால். பின்னால் விசாலமான டிக்கி.

பன்னிரண்டு வருஷமாக மச்சான் அதற்கு எழுதியது 'ஸ்போர்ட்ஸ் கார்' என்றுதான். ஆனால் மற்ற வண்டிகளுக்கு ஒரே தடவை பார்த்து எழுதுகிறவர், இதற்கு மட்டும் ஒவ்வொரு வருஷமும் கண்காட்சிக்கு முந்தின வியாழக்கிழமை சட்டையைக் கழற்றிவிட்டு, டேப்போடு அடியில் படுப்பார்.

"போன வருஷம் பார்த்தீங்களே மச்சான், மறுபடி என்ன?"

"ஒரு வருஷம் ஆச்சே மாப்ளே. என்ஜினுக்குப் புத்தி வந்து பின்னாடி போயிருக்குமோன்னு பார்க்கிறேன்."

ஒரு வருஷம் மெக்கானிக் டிக்கியைப் பலகை வைத்து அடைத்து, மேலே சிவப்புப் பெயின்ட்டும் அடித்துவிட்டார். பார்த்ததும் தெரியாது. மச்சான் விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். "மாப்ளே, ஜன்னலை ஆணியடிச்சு மூடினா வீடு கோட்டையாயிடாது." அன்று அக்கா சிரித்த சிரிப்பில் காபி புரையேறிவிட்டது.

"தானாடாவிட்டாலும் தன் சதையாடும்னு சொல்வாங்க. உங்க சதை அசையக்கூட மாட்டேங்குதே!" என்று மெக்கானிக் பொருமுவார்.

"ஆடுச்சு. அரை மில்லி ஆடுச்சு. வரிசை மாற அது போதாது."

சங்கத்தில் பாதிப் பேர், "முதல் வரிசையிலேயே நிறுத்தலாம்பா" என்று சொல்லத்தான் செய்தார்கள். மெக்கானிக்குக்கு அது ருசிக்கவில்லை. அந்த ஒரு வாயால் வர வேண்டும்.

அந்த வாய்தான் இப்போது இல்லை.

சங்கத்தார் கண்காட்சியை இரண்டு வாரம் தள்ளிவைத்தார்கள். காரியமெல்லாம் முடிந்து, தலைவர் அக்கா வீட்டுக்கு வந்தார். பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்; மெதுவாக ஆட்டிப் பார்த்துத்தான் பேச்சைப் பிடுங்குவார். மச்சானின் அட்டைப் பெட்டியைத் திறந்தால் நாற்பத்து மூன்று வண்டிக்கு எழுதி அடுக்கியிருந்தது. ஒன்றுதான் பாக்கி. வருஷம், என்ஜின், இருக்கை மூன்றும் எழுதியிருந்தார். வகை மட்டும் வெறுமை.

"உங்க வண்டிதான்" என்றார் தலைவர், அங்கே இருந்த மெக்கானிக்கிடம். "நீங்களே போட்டுக்குங்க. முதல் வரிசைன்னு போட்டாலும் யாரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. துக்கம் நடந்த வீடு."

அவர் போன பிறகு மெக்கானிக் பேனாவைத் திறந்தார். பன்னிரண்டு வருஷம் காத்திருந்த பழம் தானாக மடியில் விழுந்திருக்கிறது. ஆனால் மரத்தை வெட்டியதால் விழுந்த பழம்.

"எழுதேன்டா" என்றாள் அக்கா. "அவர் எழுந்து வந்து டேப் பிடிக்கவா போறார்?"

"கார் வச்சிருக்கவன் எழுதக் கூடாதுக்கா. விதி."

"கார் இல்லாதவங்களுக்கு நான் எங்கே போவேன்?" என்று கேட்டவள், தம்பி தன்னையே பார்ப்பதைப் பார்த்துவிட்டாள். "என்னடா முழிக்கிறே? எனக்கு என்ன தெரியும்?"

"முப்பது வருஷம் கூட இருந்தியே. காதுல விழுந்தது போதும்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் நின்ற தம்பியின் காரை ஒரு சுற்று சுற்றினாள். கதவைத் திறந்து, மூட்டுவலிக்காரி, முனகாமல் கொள்ளாமல் உட்கார்ந்தாள். அது நல்ல சகுனமில்லை என்று மெக்கானிக்குக்கு அப்போதே பட்டது.

"கால் நீட்ட முடியுதாக்கா?"

"தாராளமா."

"பின்னாடி தெருவு தெரியுதா?"

"மூலைக் கடை போர்டு வரைக்கும் தெரியுதுடா. சொகுசாத்தான் இருக்கு. பாவம், எல்லாத்தையும் நம்மளைக் கேட்டுத்தான் செஞ்சிருக்கான்." கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தாள். "ரெண்டாவது வரிசைடா."

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் வேறாக மாறியது. அக்கா அவர் பக்கம் திரும்பாமல், பின்னால் பார்க்கும் கண்ணாடியில் மூலைக் கடை போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அட்டையையும் பேனாவையும் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"வரிசைதானே கேட்டே, சொல்லிட்டேன். அவர் கையெழுத்துக்குக் கீழே என் கோழிக் கிறுக்கல் வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் வரிசையில், இடமிருந்து நாலாவதாகச் சிவப்பு வண்டி நின்றது. அட்டையில் மூன்று வரி இருந்தது. வகைக்கு எதிரே யாரும் எழுதவில்லை.