நாலு கிலோ ஃபிளைவீல், ஒரு கல்யாணப் பெண், கேமரன் மலை ஏற்றம்

மே 30, சனிக்கிழமை, காலை 5.35. ஓடோமீட்டரில் 148,212. புது கிளட்ச் போட்ட பிறகு ஓடியது 640 கிலோமீட்டர். அந்த 640-இல் இஞ்சின் நடுரோட்டில் நின்றுபோனது 23 தடவை. ஈப்போவில் வீட்டு வாசலில் காரை எடுக்கும்போது என் கைப்பேசிக் குறிப்பில் இருந்த கணக்கு இதுதான்.

அன்று என் பெரியம்மா மகள் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம். பத்து மணிக்கு மாதா கோயிலில் பூசை. ஃபாதருக்குப் பதினொன்றரைக்கு ரிங்லெட்டில் இன்னொரு பூசை இருந்தது, அதனால் பத்து என்றால் பத்து. கியா பார்முக்கு உள்ளே இருக்கும் தேயிலை எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து மணப்பெண்ணைக் கூட்டிவந்து கோயில் வாசலில் இறக்குவது என் பொறுப்பு. மாப்பிள்ளை வீட்டார் ஓர் ஆட்டோமேட்டிக் கார் ஏற்பாடு செய்வதாகச் சொன்னார்கள். வேண்டாம், என் காரே போதும் என்று சொன்னது நான்தான். சொன்னபோது பழைய கிளட்ச் இருந்தது. கிளட்சை மாற்றியது அதற்கப்புறம். இந்த வரிசையை யாரும் என்னிடம் கேட்க வேண்டாம்.

இதே மாதிரி காரில் மலையேற நினைப்பவர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இஞ்சினின் பின்னால் சுற்றும் கனமான இரும்புச் சக்கரம்தான் ஃபிளைவீல். என் 1.6 லிட்டர் மேனுவல் காரில் அது 8.1 கிலோ. அதைக் கழற்றி 4.2 கிலோ சக்கரம் போட்டேன். கூடவே ஆறு செராமிக் துண்டுகள் பதித்த பந்தய கிளட்ச். கூலியோடு 2,350 ரிங்கிட். ஆக்சிலேட்டரைத் தொட்டால் முள் பறக்கிறது. கியர் இறக்கும்போது கத்தி மாதிரி விழுகிறது. எல்லாம் ஓடும்போதுதான். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது கனமான சக்கரத்தில் சேர்ந்திருக்கும் சுழற்சிதான் இஞ்சினைத் தாங்கும். அது பாதியாகிவிட்டால் கிளட்ச் பிடித்த நொடியில் கார் ஒரு உலுக்கு உலுக்கி நின்றுவிடும். இதெல்லாம் வாங்குமுன்பே எனக்குத் தெரியும். நான் மெக்கானிக்கல் படித்தவன். ஆனாலும் வாங்கினேன்.

ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாகப் போனேன். தாப்பா பாதையைவிட அகலம், வளைவுகள் குறைவு. சாலை காலியாக இருந்தது. மூன்றாவது கியரில் வளைவுகளை விழுங்கிக்கொண்டு ஏறும்போது, 2,350 ரிங்கிட்டுக்கு வருத்தப்படவே தேவையில்லை என்று தோன்றியது. அந்த எண்ணம் கம்போங் ராஜா வரை இருந்தது. அங்கே காய்கறி லோரிகள் வரிசையாக நிற்க, ஏற்றத்தில் நின்று கிளம்பவேண்டி வந்தது. இரண்டு தடவை இஞ்சின் நின்றது. கியா பார்ம் சந்தையில் கடைக்காரர்கள் ஸ்ட்ராபெர்ரிப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள், அங்கே மூன்று தடவை. மூன்றாவது தடவை பின்னால் இருந்த வேன்காரர் ஹாரனை அழுத்திய கையை எடுக்கவே இல்லை. அங்கேயே ஓரமாக நிறுத்தி ஒர்க்‌ஷாப்புக்குச் செய்தி அனுப்பினேன்: "திங்கட்கிழமை வர்றேன். பழைய ஃபிளைவீலையே போட்டுடுங்க." மணி 7.25. வந்த தூரம் 84 கிலோமீட்டர். எண்ணிக்கை 28.

ஸ்டெல்லாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என்னைவிட ஒரு வயது சின்னவள். மூன்று வருடமாக அதே எஸ்டேட்டில் கொழுந்து லோரி ஓட்டுகிறாள். காலையில் பறித்த கொழுந்தை மூட்டை மூட்டையாக ஏற்றிப் பேக்டரிக்குக் கொண்டுபோவது அவள் வேலை. அன்று வெள்ளைப் பட்டுச் சேலையும் தலையில் நெட்டு முக்காடுமாக, லைன் வீட்டு முன்னறையில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அசைந்தால் பூ விழுமாம்.

விருந்தினர் எல்லாரும் எட்டரைக்கே வேனில் போய்விட்டார்கள். பெரியப்பாவும் அவர்களோடு போய்விட்டார். ஸ்டெல்லா, பெரியம்மா, நான், என் கார். வேறு வண்டி இல்லை. இது முக்கியம். 9.05க்குக் கிளம்பினோம். வாசலிலேயே ஒரு தடவை நின்றது.

"என்னடா அருளு, காடி இப்படி அழுவுது?" என்றார் பெரியம்மா. "தகர டப்பாவுல கல்லப் போட்டு ஆட்டுற மாதிரி இருக்கு."

"அது கியர்பாக்ஸ் சத்தம் பெரியம்மா. லேசான ஃபிளைவீல் போட்டா அப்படித்தான் இருக்கும்."

"காசு குடுத்தா இந்தச் சத்தத்த வாங்குன?"

பின்சீட்டில் ஸ்டெல்லா சிரிப்பை அடக்குவது கண்ணாடியில் தெரிந்தது.

எஸ்டேட் சாலை 4.2 கிலோமீட்டர். ஒரு வண்டி அகலம்தான். ஒரு பக்கம் தேயிலை, இன்னொரு பக்கம் காலி. லைன் வீடுகளைத் தாண்டி ஒரு மேடு, பிறகு பாலம் வரைக்கும் செங்குத்து இறக்கம், அப்புறம் மெயின் ரோடு. இறக்கத்தில் பாதி போனபோது எதிரே கொழுந்து லோரி ஏறி வந்தது. நீங்கள் இங்கே வந்தால் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் இது, எந்தப் பலகையிலும் இருக்காது: கொழுந்து ஏற்றிய லோரி பின்வாங்காது. யாராக இருந்தாலும் சரி, துரை காராக இருந்தாலும் சரி, எதிரே வருகிறவன்தான் ஒதுங்கும் இடம் வரை பின்னால் போக வேண்டும். ஒதுங்கும் இடம் எனக்குப் பின்னால் நாற்பது மீட்டரில் இருந்தது. மேலே. அதாவது ரிவர்ஸ் கியரில், செங்குத்து ஏற்றத்தில், செராமிக் கிளட்சோடு.

முதல் தடவை, உலுக்கி நின்றது. இரண்டாவது தடவை ஆக்சிலேட்டரை அதிகம் அழுத்தினேன், டயர் சுற்றிச் சேற்றை வாரி இறைத்தது, நின்றது. மூன்றாவதில் கிளட்சை மெதுவாக விட்டேன், தீய்ந்த வாடை வந்தது, நின்றது.

லோரி டிரைவர் முனியாண்டி அண்ணன் தலையை வெளியே நீட்டினார். "தம்பி, பின்னால எடு லா! கொழுந்து சூடேறிக் கெட்டுடும்!"

"எடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன் அண்ணே!"

"எடுக்கிறியா, தொட்டில் ஆட்டுறியா?"

நான்காவது தடவையும் நின்றது. மணி 9.26. கடைசித் தடவை நாங்கள் மேலே போகவில்லை, ஒரு முழம் லோரியை நோக்கி இறங்கியிருந்தோம். பெரியம்மா ஜெபமாலையை எடுத்துவிட்டார். கைப்பேசியில் சிக்னல் இல்லை. எண்ணிக்கை 33. இவளை நான் கோயிலில் இறக்காவிட்டால் ஃபாதர் ரிங்லெட் போய்விடுவார், அவ்வளவுதான்.

"அண்ணே, எறங்கு," என்றாள் ஸ்டெல்லா.

"சேல அழுக்காகும்டி!" என்றார் பெரியம்மா.

"கல்யாணம் நின்னுபோச்சுன்னா சுத்தமான சேலய வச்சுக்கிட்டு என்னம்மா பண்றது? எறங்குண்ணே, சீக்கிரம்."

நான் பின்சீட்டுக்குப் போனேன். அவள் பூச்செண்டை என் மடியில் போட்டாள், தலை நெட்டைச் சுருட்டி அதையும் என் மடியில் போட்டாள், குதிகால் செருப்பைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தாள். டாஷ்போர்டில் இஞ்சினின் ஆர்பிஎம்மைக் காட்டிப் பதிவு செய்துகொண்டிருந்த என் கைப்பேசியைக் குப்புறக் கவிழ்த்தாள். "கண்ணு கூசுது." சேலையை முழங்கால் வரை செருகிக்கொண்டு வெறுங்காலை கிளட்சில் வைத்து இரண்டு தடவை சும்மா அழுத்திப் பார்த்தாள். "யப்பா, என்ன இது, லோரியவிடக் கட்டியா இருக்கு."

பிறகு ரிவர்ஸ் போட்டு, கழுத்தைத் திருப்பி, நாற்பது மீட்டரும் ஒரே மூச்சில் ஏறினாள். உலுக்கல் இல்லை. வாடை இல்லை. என் மடியில் இருந்த பூச்செண்டு ஆடக்கூட இல்லை.

லோரி எங்களைத் தாண்டும்போது முனியாண்டி அண்ணன் அவளைப் பார்த்துவிட்டார். "அடியே ஸ்டெல்லா! இன்னிக்குமா வேலைக்கு வந்துட்ட?"

"ஓவர்டைம்ணே!" என்று கத்தினாள்.

அவள் இறங்கி இடம் மாறவில்லை, நானும் கேட்கவில்லை. கியா பார்மில் பள்ளி விடுமுறைக் கூட்டம், ஏற்றத்தில் நின்று நின்று போகும் நெரிசல். வேலையில்லாமல் உட்கார்ந்திருந்ததால் எண்ணினேன். பதினான்கு தடவை நின்று கிளம்பினாள். இஞ்சின் நின்றது பூஜ்யம். 9.56க்குக் கோயில் வாசல். மணப்பெண் டிரைவர் கதவைத் திறந்துகொண்டு வெறுங்காலோடு இறங்க, அண்ணன்காரன் நான் பின்சீட்டிலிருந்து பூச்செண்டோடு இறங்கினேன். படம் எடுக்க வந்தவர் யாரை எடுப்பது என்று தெரியாமல் கேமராவை இறக்கிவிட்டார்.

பெரியம்மாவுக்கு மானம் போய்விட்டது. மாப்பிள்ளை ஜோசப் வாசலிலேயே நின்றிருந்தார். "நீயா ஓட்டிக்கிட்டு வந்த?"

"அண்ணன் ஓட்டியிருந்தா அடுத்த சனிக்கெழம வந்திருப்போம்," என்றாள் ஸ்டெல்லா. அவர் சிரித்த சிரிப்பில் பெரியம்மாவும் சிரித்துவிட்டார். பத்து மணிக்கு மணி அடித்தது. பூசை பத்துக்கே தொடங்கியது.

குழப்பம் இதற்கப்புறம்தான். கைப்பேசி கவிழ்ந்திருந்தாலும் பதிவு ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிரிஞ்சாங்கில் விருந்து நடந்த மண்டபத்தில், பிரியாணித் தட்டை ஓரமாக வைத்துவிட்டு எடுத்துப் பார்த்தேன். நான் கிளம்பும்போது சராசரி 2,600 ஆர்பிஎம். அவள் 1,750. சுழற்சி சக்தி வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அதாவது என் சக்கரத்தில் இருந்த சக்தியில் பாதிகூட அவளுடையதில் இல்லை. என் கணக்குப்படி நிற்க வேண்டியது அவள். காரின் எடை அதே எடை. கிளட்ச் சூடானதும் பிடிப்பு மென்மையாகியிருக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் நான்காவது தடவை எனக்கும் அது சூடாகத்தான் இருந்தது. 1,600 மீட்டர் உயரத்தில் காற்று மெலிசு, இஞ்சின் பலம் ஆறில் ஒரு பங்கு குறையும். அந்தக் காற்று இருவருக்கும் ஒன்றுதான். அவள் கிளட்சைப் பாதி பிடித்தபடி 2.3 நொடி வழுக்கவிடுகிறாள், நான் 0.9. சரி. ஆனால் இந்த கிளட்சை வழுக்கவே முடியாது, பிடித்தால் பிடி, விட்டால் விடு என்றுதானே விற்றவர் சொன்னார்? நானும் அதைத்தானே எல்லா இடத்திலும் எழுதிவைத்திருக்கிறேன்?

கேக் வெட்டி முடித்ததும் அவளையே கேட்டேன். "கால்ல என்ன பண்ணுன?"

"கல்யாணத்தன்னிக்குக் கேக்குற கேள்வியாண்ணே இது?"

"சொல்லு லா."

"லோரி ஓட்டுற மாதிரிதான் ஓட்டுனேன்."

"லோரி ஃபிளைவீல் முப்பது கிலோ இருக்கும். இது நாலு கிலோ. நேர் எதிர். லோரி மாதிரி ஓட்டுனா நின்னுடும்."

அவள் கொஞ்சநேரம் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். "தெரியலண்ணே. நிக்கலியே."

ஜோசப் அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

மாலை 4.10க்குத் திரும்பினேன். அதே பாதை. அவள் செய்ததை அப்படியே செய்ய முயன்றேன்: 1,750, 2.3 நொடி. கியா பார்மில் ஒரு தடவை நின்றது, கம்போங் ராஜாவில் ஒரு தடவை. ஈப்போ 6.20. எண்ணிக்கை 35. போகவர, எஸ்டேட் உட்பட 192 கிலோமீட்டர், பெட்ரோல் 17.5 லிட்டர். இடது முழங்கால் மறுநாளும் வலித்தது.

போகிறவர்களுக்கு: சிம்பாங் பூலாய் பாதையில் ஆறு மணிக்குள் ஏறிவிடுங்கள். சனி, ஞாயிறு எட்டு மணிக்கு மேல் கியா பார்ம் நெரிசலை ஒன்றும் செய்ய முடியாது. எஸ்டேட் சாலையில் ஒதுங்கும் இடங்களைப் போகும்போதே மனதில் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் போக வேண்டிவரும். பந்தய கிளட்சோடு வரலாமா என்றால், போன வாரம் வரை வரவே கூடாது என்று எழுதியிருப்பேன். இப்போது எனக்குத் தெரியவில்லை. அதே கார், அதே ஏற்றம், ஒருவனுக்கு ஒரே நாளில் பன்னிரண்டு தடவை நிற்கிறது, ஒருத்திக்கு ஒரு தடவைகூட இல்லை. காரை மாற்ற வேண்டுமா, வேறு எதையாவது மாற்ற வேண்டுமா என்பது அந்தப் பதிவில் இல்லை.

இனி நான் செய்யப்போவது:

1. ஒர்க்‌ஷாப்புக்குத் திங்கட்கிழமை வரவில்லை என்று சொல்லிவிட்டேன். பழைய ஃபிளைவீல் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, இருக்கட்டும்.

2. ஸ்டெல்லா தேனிலவு முடிந்து லங்காவியிலிருந்து திரும்பியதும், ஒரு மணி நேரம் அதே நாற்பது மீட்டரில் ஓட்டச் சொல்லி, அவள் காலை மட்டும் வீடியோ எடுப்பேன். ஜோசப்பிடம் முன்கூட்டியே அனுமதி கேட்பேன்.

3. கைப்பேசியைக் கவிழ்த்துவைத்து ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பேன். அது காரணமாக இருக்காது. இருந்தாலும் சோதித்துவிட வேண்டும்.

4. அவளுடைய லோரியில் ஒரு நாள் உட்கார்ந்து வருவேன், கொழுந்து மூட்டையோடு மூட்டையாக.

5. அடுத்து யாராவது கல்யாணத்துக்கு என் காரைக் கேட்டால் கொடுப்பேன். சாவியைப் பெண்ணிடமே கொடுத்துவிடுவேன்.