கல்யாணப் புடவையின் நிறம்

அக்கா மகளுக்கு முகூர்த்தப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போயிருந்தோம். கடையில் ஒரு விற்பனைப் பெண், அரக்கு, குங்குமச் சிவப்பு, மாம்பழ மஞ்சள் என்று பேர் சொல்லிச் சொல்லித் தன் தோளில் போட்டுக் காட்டினாள். ஒடிசலான உடம்பு. ஒரு புடவையை வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பதற்குள், கட்டைவிரலும் நடுவிரலும் தொடும்படி தன் மணிக்கட்டை வளைத்துப் பிடித்துப் பார்த்துக்கொள்வாள். விரல்கள் தொட்டபிறகுதான் முகத்தில் ஒரு நிம்மதி.

"உன் கல்யாணத்துக்கு என்ன கலர்மா எடுத்தாங்க?" என்று பேச்சுவாக்கில் கேட்டேன்.

கை அப்படியே நின்றுவிட்டது. "தெரியலக்கா."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். "முகூர்த்தப் புடவை எப்படிம்மா மறக்கும்?"

"நெசமாத்தாங்க்கா. பந்தியில அரை ஜாங்கிரி, ஒரு வடை சாப்ட்டேன். ஏன்டா சாப்ட்டோம், ஒடம்பு போட்டுடுமேன்னு நாள் பூரா அதையே நெனச்சிக்கினு இருந்தேன். அதுதான் ஞாபகம் இருக்குது. எங்க வூட்டுக்காரரு தாலி கட்டினதே போட்டோ பாத்துத்தான் தெரியுது."

காலையில் கோயிலில் பிரசாதமாக வாங்கிப் பையில் வைத்திருந்த கோயில் இட்லியில் ஒரு துண்டைப் பிட்டு நீட்டினேன். "வேணாங்க்கா" என்று சிரித்தாள். விரல்கள் மறுபடி மணிக்கட்டுக்குப் போயின.

இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்கலாமா, கேட்டதே தப்பா என்று இன்றைக்கும் குழம்புகிறேன். அவள் வாங்கித் தின்றிருந்தால் என் முகம் அவளுக்கு மறந்துபோயிருக்கும். அந்த இட்லித் துண்டு மட்டும் மறந்திருக்காது.