செக்போஸ்ட்டில் நின்ற அம்பாசிடர்

கார் வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "என்ன ரேட்டு?" என்றுதான். அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ரேட்டு மட்டும் தெரிந்து கார் வாங்கினவர் கதி என்ன என்பதற்கு மாரப்பண்ணன் கதை ஒன்றே போதும்.

எழுபதுகளில், கேரள எல்லைக்குள் இருக்கும் கொல்லங்கோட்டில் நான் கார் புரோக்கர். தமிழ்நாட்டில் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து பழைய கார்களைப் பிடித்து வந்து, பேப்பர் வேலை முழுவதையும் முடித்துக் கையில் கொடுப்பேன். என் கையால் வந்த வண்டி எந்தச் செக்போஸ்ட்டிலும் நின்றதில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது.

மாரப்பண்ணன் எங்கள் பக்கத்து எல்லையோரம் இருக்கும் கோவிந்தாபுரத்துக்காரர், மாட்டு யாவாரத்தில் புலி. கிணறு வற்றி வெள்ளாமை கைவிட்டதும், டாக்ஸி ஓட்டிப் பிழைக்கலாம் என்று உழவு மாடுகள் அத்தனையையும் வேலந்தாவளம் சந்தையில் விற்றார். என் கமிஷனை மிச்சம் பிடிக்க, தானே பொள்ளாச்சிக்குப் போய் ஓர் அரிசி மண்டிக்காரரிடம் அம்பாசிடரை விலை பேசினார். எப்படி? மாட்டுக்குப் பேசுவதுபோல, துண்டுக்கடியில் விரலைப் பிடித்து! இருந்த பணத்தையெல்லாம் கொடுத்துவிட்டுக் காரை ஓட்டி வந்தவர், ஊரை ஒட்டிய எல்லைச் செக்போஸ்ட்டில் "டாக்ஸி உடப்போறேனுங்க" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். ஓரங்கட்டிவிட்டார்கள். எனக்கு ஆள் விட்டார்.

நான் போய் இறங்கியதும் அங்கிருந்த ஆபீசர் மலையாளம் கலந்து சொன்னார்: "இவிடெ ஓடணும்னா இவிடத்தெ டாக்ஸ் அடைக்கணும். அடைச்சிட்டு வண்டி எடுத்தோ."

மாரப்பண்ணன் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க தம்பி, அங்க கட்டுன வரி இங்க செல்லாதுங்களா? அந்தா தெரியுது பாருங்க, அதுதான் என்ற ஊடு. இத்தனை தூரத்துக்குள்ள வரி கெட்டுப் போயிருமா?"

எனக்கு வந்த எரிச்சலில் ஒரே மூச்சாகச் சொன்னேன். இந்தப் பக்கத்து வரி, அதுவும் டாக்ஸி என்றால் சொந்தக் காரைவிடக் கூடுதல். பழைய ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து ஆட்சேபணை இல்லை என்று ஒரு சர்ட்டிபிகேட், பேர் மாற்ற ஃபீஸ், புது நம்பர், இன்ஷூரன்ஸ், பெர்மிட்.

"போதுங்க தம்பி," என்று கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார். "சந்தையில சுங்கத்தை வித்தவனே கட்டீருவானுங்க. நாம மாட்டை ஓட்டிட்டு வந்தாப் போதும். இப்ப மாடும் இல்ல, காரும் இல்லீன்னா ஊட்ல என்னன்னு சொல்றது?"

அவர் கண் கலங்கிவிட்டது. என் எரிச்சல் போன இடம் தெரியவில்லை. ஆர்.சி. புக்கை வாங்கிப் பார்த்தேன். பேர் மாற்றும் ஃபாரத்தில் மண்டிக்காரர் கையெழுத்தே போட்டிருக்கவில்லை. அடேயப்பா, இது போதுமே! "அண்ணா, வண்டியைத் திருப்புங்க" என்றேன்.

பொள்ளாச்சியில் மண்டிக்காரர் எங்களைப் பார்த்ததுமே முகத்தைச் சுளித்தார். "பேசி முடிச்ச யாவாரமுங்க. பணமும் வந்துருச்சு, சாவியும் போயிருச்சு. இப்ப என்ன பேச்சு?"

"இன்னும் முடியலீங்க," என்றேன். "புக்குல உங்க பேருதான் இருக்குது. நாளைக்கு இந்த வண்டி யாரை இடிச்சாலும், வரி பாக்கின்னாலும், உங்க ஊட்டுக் கதவைத்தான் தட்டுவாங்க. ஒண்ணு, பணத்தைக் குடுத்துட்டு வண்டியை எடுத்துக்கோங்க. இல்லீன்னா, அந்தப் பக்கத்துச் செலவை விலையில கழிச்சுக் குடுத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

அவர் யோசித்தார். மாரப்பண்ணன் மெதுவாகச் சொன்னார்: "மாடு கைமாறிருச்சுங்க. கயிறு இன்னும் உங்க கையிலதானுங்க இருக்குது."

மண்டிக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். இரண்டு கைகள் உள்ளே போயின. உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. வெளியே வந்தபோது மாரப்பண்ணனுக்கு வாயெல்லாம் பல். கையெழுத்தும் விழுந்தது, வரிக்கு வேண்டிய பணமும் திரும்பி வந்தது.

கார் வாங்கப் போகிற தம்பிகளே, ரேட்டைக் கடைசியில் கேளுங்கள். எந்தப் பக்கம் ஓட்டப்போகிறீர்கள், அங்கே வரி எவ்வளவு, பேர் மாற்ற என்ன ஆகும், இதையெல்லாம் யார் தலையில் கட்டுவது என்று முதலில் பேசி முடியுங்கள்.

பெர்மிட் வந்த அன்று மாரப்பண்ணன் அதே காரில் என் வீட்டு வாசலுக்கு வந்தார். கமிஷன் தரவேண்டும் என்று துண்டை விரித்தார். நான் வழக்கமாக வாங்குவது இருநூறு, அதாவது இரண்டு விரல். கையை உள்ளே விட்டேன். ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார்.

"அண்ணா, ரெண்டு போதுமுங்க" என்று கையை இழுத்தேன். அவர் விடவில்லை.

"வரியும் சேத்தித்தானுங்க, தம்பி."