புரட்டாசிச் சனியும் பம்பளிமாஸும்

என் உடம்பில் வேலை பார்ப்பது என் மனைவியின் சிறுநீரகம். இதை நான் சொல்வதைவிட அவள் சொல்வதுதான் அதிகம். காரம் கொஞ்சம் கூடிப்போனால், "எங்கிட்ட இருந்தப்ப அது இம்புட்டுப் பாடு பட்டதில்ல" என்பாள். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள் வைத்திருக்கிறேன். ஊர் ஊராக ஆஸ்பத்திரிகளுக்குத் துணி அனுப்பியவன், கடைசியில் நானே போய்ப் படுத்து அதைச் சுற்றிக்கொண்டு வந்தேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு வாழ்க்கையே மாத்திரையைச் சுற்றித்தான். வந்து சேர்ந்த உறுப்பை உடம்பு வெளியாள் என்று விரட்டாமல் இருக்க காலையும் மாலையும் ஒரு மாத்திரை. அது ரத்தத்தில் குறைந்தால் உடம்பு உறுப்பை ஏற்காது. கூடினால் அந்த உறுப்புக்கே கேடு. சாப்பாட்டைப் பற்றி மதுரை டாக்டரம்மா நிறையச் சொல்லியிருந்தார். அதில் ஒன்று, வெளியில் வெட்டி வைத்த பழம் கூடாது, தோல் தடிமனான பழமாகப் பார்த்து வீட்டில் உரித்துச் சாப்பிட வேண்டும் என்பது. என் மனைவி அதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

அவளுக்கு ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்துத் திருவண்ணாமலையில் மலையேறிப் பெருமாளைச் சேவிக்க வேண்டும். அன்றைக்கு இருவரும் பழம் மட்டுமே சாப்பிட வேண்டும். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் வயிற்றையும் சேர்த்து நேர்ந்திருந்தாள்.

"நேந்தது நீ, பட்டினி நானா?" என்றேன்.

"கிட்னி குடுத்தது நான், பொழச்சது நீங்கதான?" என்றாள்.

தேவதானத்தில் அவளுடைய சித்தப்பாவுக்குத் தோப்பு இருக்கிறது. விரதம் என்று கேள்விப்பட்டு ஒரு மூட்டை பம்பளிமாஸ் அனுப்பிவைத்தார். அதைவிடத் தடிமனான தோல் எந்தப் பழத்துக்கு இருக்கிறது? அவளுக்கு ஒரே சந்தோஷம். மூட்டைப் பழம் ஒரு சனிக்கிழமையில் தீருமா? வாரம் முழுக்க, மாலை மாத்திரைக்குப் பிறகு, சுளை சுளையாக உரித்துக் கிண்ணத்தில் வைத்தாள். லேசான கசப்பும் புளிப்புமாக எனக்கும் பிடித்திருந்தது.

கொஞ்ச நாளில் என் கை நடுங்க ஆரம்பித்தது. தறியில் இழை அறுந்தால் கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடுகிறவன் நான். அன்றைக்கு நூலின் இரண்டு முனைகளும் விரலுக்குள் நிற்கவே மாட்டேன் என்றன. விரதத்தின் அசதி என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். மாதாந்திர ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் ஏறியிருந்தது. சிறுநீரகம் சோர்ந்தால் ஏறுவது அது.

அந்தத் தாளைப் பார்த்ததிலிருந்து அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். என் சாப்பாட்டைக் குறை சொல்லவில்லை. "அது" என்ற சொல்லே வீட்டில் கேட்கவில்லை. எனக்கு அந்த அமைதிதான் பயமாக இருந்தது.

மதுரைக்குப் போனோம். உடம்பு உறுப்பை ஏற்காமல் போகிறதோ என்று டாக்டரம்மாவுக்கும் சந்தேகம். ஆனால் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்த முடிவு வந்தபோது புருவத்தைச் சுருக்கினார். குறைந்திருக்க வேண்டிய மருந்து கண்டபடி கூடியிருந்தது.

"மாத்திரையை மறந்துபோய் ரெண்டு தடவை போட்டுட்டீங்களா?"

"நடுக்கம் கையிலதான் டாக்டர், புத்தியில இல்ல," என்றேன். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

என் வாய் காரியத்தைக் கெடுத்துவிடும் என்று பயந்துதான் என் மனைவி அவசரமாகப் பையைத் திறந்தாள். எங்கள் பக்கத்தில் யாரையும் வெறுங்கையோடு பார்க்கப் போகமாட்டோம், டாக்டரையும்தான். இரண்டு பெரிய பம்பளிமாஸை மேசைமேல் வைத்து, "எங்க தோப்புப் பழம் டாக்டரம்மா. இவுகளுக்கும் தெனம் இதத்தான் உரிச்சுக் குடுக்கேன்" என்றாள்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். பழத்தையும் என் மனைவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தலையில் கைவைத்துச் சிரித்தார்.

பிறகு விளக்கினார். நம் குடல் சுவரின் உயிரணுக்களுக்குள் ஒரு நொதி இருக்கிறதாம். விழுங்கும் மாத்திரையில் பெரும்பகுதியை, அது ரத்தத்துக்குப் போவதற்கு முன்பே இந்த நொதி சிதைத்துவிடும். அது சிதைத்தது போக மிஞ்சுவது எவ்வளவு என்று பார்த்துத்தான் மாத்திரையின் அளவையே வைக்கிறார்கள். பம்பளிமாஸ் அந்த நொதியை முடக்கிவிடும். சிதைக்க ஆள் இல்லாமல் மருந்து மொத்தமாக உள்ளே இறங்கிவிடும். என் கை நடுங்கியதும் அதனால்தானாம். எனக்கு இது உடனே விளங்கியது. நெசவுக்கு நூல் கொடுக்கும்போது கழிவுக்கென்று கொஞ்சம் கூட்டித்தான் கொடுப்போம். கழிவே விழாவிட்டால் துணி கூடும். துணி கூடினால் நமக்கு லாபம், மருந்து கூடினால் விஷம்.

"அப்ப கிட்னி கெட்டுப்போகலையா?" என்று கேட்டாள் என் மனைவி.

"பழத்தை நிறுத்துங்க. மாத்திரையைக் குறைச்சுத் தர்றேன். அடுத்த வாரம் பார்ப்போம்."

அடுத்த வாரம் கிரியேட்டினின் இறங்கியிருந்தது. கை நடுக்கமும் பெரும்பாலும் நின்றுவிட்டது. திரும்பி வருகிற பஸ்ஸில், கிருஷ்ணன்கோவில் தாண்டும்போது, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்.

"இது கெட்டுப்போச்சுன்னா இன்னொண்ணையும் கேப்பாகன்னு நெனச்சேங்க."

நான் சிரித்துவிட்டேன். "ஏட்டி, ஒருத்தர்ட்ட ரெண்டையும் எடுத்தா அவுக எப்படி உசுரோட இருப்பாக? யாரும் கேக்க மாட்டாக."

"அது உங்களுக்குத் தெரியும். அன்னைக்கு எனக்குத் தெரியாதுல்ல."

என் சிரிப்பு நின்றுவிட்டது. அப்படி நினைத்துக்கொண்டுதான், இருப்பதில் நல்ல பழமாக இரண்டு பொறுக்கிப் பையில் வைத்துக்கொண்டு, அவள் போன வாரம் என்னோடு மதுரைக்கு பஸ் ஏறியிருக்கிறாள்.