ராக்கெட் பாட்டு

கேசட்டின் முதுகில் ஆங்கிலத்தில் ‘ராக்’ என்று போட்டிருந்தது. மாமா அதை ராக்கெட் என்று வாசித்தார்.

மாமா அம்மாவின் தம்பி. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கட்டிங் பிரிவில் வேலை. கேசட் அட்டை அச்சடிக்கும் ஆர்டர் ஒன்றோடு, அளவு பார்ப்பதற்காக வந்த மாதிரி அது. வேலை முடிந்த பிறகு கேட்பாரில்லாமல் கிடந்ததை எனக்காக எடுத்து வந்திருந்தார்.

“மிச்ச எழுத்து கட்டிங்ல போயிருக்கு. எவனோ புதுப் பய மிஷின்ல நின்னுருக்கான்” என்றார். தொழில் தெரிந்தவர் சொன்னால் யார் சந்தேகப்படுவது? எங்கள் ஊரில் பாதிப் பேர் ராக்கெட்டுக்குக் குச்சி கட்டியவர்கள். அட்டையில் இடுப்புவரை முடி வளர்த்த நான்கு ஆண்கள் முறைத்துக்கொண்டு நின்றார்கள். “நாலு பேருக்கும் ஏதோ நேர்த்திக்கடன் போல” என்றார் மாமா.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. ஊர் ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கம். எங்கள் ஊரில் பெரிய சத்தம் என்றால் ஒரே அர்த்தம்தான். எல்லோரும் தெருவுக்கு வந்து எந்தத் திசையில் புகை எழுகிறது என்று பார்ப்பார்கள். பிறகு அந்தத் திசையில் வேலைக்குப் போயிருப்பவர்களின் வீடுகளில் அழுகை தொடங்கும். பெரியவர்கள் டீ கிளாஸைக் கீழே வைக்காமலே இதைச் செய்யப் பழகியிருந்தார்கள்.

அந்த கேசட்டைப் போட்ட முதல் நாளும் அப்படித்தான் எழுந்து ஓடப் பார்த்தேன். டிரம் விழுந்த அடி அப்படி. ஆனால் புகை எதுவும் வரவில்லை. அடி தொடர்ந்தது. அதன் மேல் கிடார் கம்பிகள் அறுபடுவதுபோல் இழுபட்டன; ஓர் ஆள் தொண்டை கிழியக் கத்தினான். ஒரு வார்த்தையும் புரியவில்லை. முடிந்ததும் இன்னொரு முறை போட்டேன். இன்னொரு முறை கேட்க ஆசைப்பட்ட முதல் பெருஞ்சத்தம் அது. அதன் பிறகு கோயில் கொட்டகையின் சினிமாப் பாட்டுகள் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டன.

அம்மா அப்போது வீட்டில் இருந்தாள். அவள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் அடுத்த ரூம் வெடித்து இரண்டு பெண்கள் இறந்திருந்தார்கள். நடுச்சுவர் அம்மாவைக் காப்பாற்றியது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. காதோரம் மட்டும் ரத்தம் கசிந்திருந்தது. பெரியாஸ்பத்திரியில் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கொடுத்துவைத்தவள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பாட்டைப் போட்ட இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, வெகுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு, “நல்லாருக்கே, கூட்டி வையி” என்றாள்.

எனக்குக் கூட்டு கிடைத்துவிட்டது. வகுப்பில் எவளுடைய அம்மாவுக்கும் ராக்கெட் பாட்டு பிடிக்காது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும், கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாவிட்டாலும், பாட்டில் லயித்திருக்கிறாள் என்றே எடுத்துக்கொண்டேன். வாசலில் யார் தலையாவது தெரிந்தால் அவளே என்னைப் பார்த்து, “பாட்டப் போடு” என்பாள்.

பக்கத்து வீட்டு அத்தை ஒருநாள் இடுப்பில் கை வைத்து வாசலில் நின்றாள். அவளும் அம்மாவும் ஒரே ரூமில் வேலை பார்ப்பவர்கள். வெடித்த அன்று மட்டும் அவள் லீவு.

“ஏ மதினி, வீட்டுக்குள்ள என்ன, தகரக் கொட்டகையவா பிரிக்கீக?”

“என்ன?” என்றாள் அம்மா.

“தகரம்! பிரிக்கீகளான்னேன்!”

“ஒங்க வீட்டுத் தகரத்தயும் கொண்டாங்க, சேத்துப் பிரிச்சிருவோம்” என்றாள் அம்மா. அத்தை தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

சீசன் நெருங்கியதும் கம்பெனியை மறுபடி திறந்தார்கள். போர்மேன் வீடு வீடாக வந்து ஆட்களைப் பார்த்தார். காது கேட்காதவர்களை வெடிமருந்து ரூமுக்குள் விடமாட்டார்கள் என்று ஊரில் பேச்சு. அப்பாவுக்கு முதுகு போய் லோடு ஏற்றும் வேலை நின்றிருந்த வருடம் அது. அம்மாவின் வேலையும் போனால் எங்களுக்கு வேறு வழியில்லை.

போர்மேன் தெருமுனையில் திரும்பியதும் அப்பாதான், “பாட்டப் போடு தாயி” என்றார். அவருக்கும் பிடித்துப்போயிருந்ததில் எனக்குப் பெருமையாக இருந்தது.

போர்மேன் உள்ளே வந்து ஏதோ கேட்டார்.

“என்ன அண்ணாச்சி?”

அவர் குனிந்து முகத்துக்கு நேரே கத்தினார். “ஒடம்பு! தேவலையான்னு கேட்டேன்!”

“அதெல்லாம் நல்லாருக்கு. காப்பி குடிக்கீகளா?”

“அந்தக் கருமத்த மொதல்ல அமத்தச் சொல்லு” என்று அவர் டேப்பைக் காட்டினார். நான் எழுந்தேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

அம்மா அவர் கை நீண்ட திசையைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “எம் மகளுக்கு இந்தப் பாட்டுன்னா உசிரு அண்ணாச்சி. அமத்துனா சோறு திங்க மாட்டா.”

“காது நல்லாக் கேக்குதுல்ல? ரெண்டு பேருக்குச் சுத்தமா இல்ல, வேணாம்னுட்டோம்!”

“இம்புட்டுச் சத்தத்துலயும் நீங்க பேசுறது கேக்குதே அண்ணாச்சி.”

அவரும் சிரித்துவிட்டார். “சரி, திங்கக்கிழம வேன்ல ஏறிரு” என்று சைகையோடு சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். சத்தமான வீட்டில் ‘என்ன?’ என்று கேட்பவளை யாரும் செவிடு என்று நினைப்பதில்லை. அம்மா அதைக் கண்டுபிடித்திருந்தாள். அப்பாவும் அறிந்திருந்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் என் பாட்டை ஒரு போர்மேன் வந்தும் நிறுத்த முடியவில்லை என்பதுதான். அன்று மாலை முழுக்கக் குதித்து ஆடினேன்.

வெடிமருந்து எடுத்த எடுப்பிலேயே வெடிப்பதில்லை. முதலில் ஈர விறகு போல மெலிதாகச் சீறும். முதலில் கேட்டவர் “ஓடு” என்று கத்த வேண்டும். மற்றவர்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எந்த வாசல் பக்கமோ அந்த வாசல் வழியாக ஓட வேண்டும். ரூமுக்கு நான்கு வாசல் வைப்பது அதற்காகத்தான். மறுநாள் பத்திரிகைகளில் ‘உராய்வு’ என்று ஒரு சொல் வரும். சீறலைப் பற்றி எதுவும் வராது.

தீபாவளிக்கு முந்திய வாரம் அம்மாவின் ரூமில் சீறியது. உள்ளே நான்கு பேர். மூன்று பேர் வெளியே வந்தார்கள்.

வந்தவர்களில் பக்கத்து வீட்டு அத்தையும் ஒருத்தி. கையில் கட்டோடு எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து, துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அவள் அதையே சொன்னாள். “கத்துனேன்யா. ஓடுங்க மதினி, ஓடுங்க மதினின்னு வாசல்ல நின்னு கத்துனேன். அவுக குனிஞ்சமானிக்கி மருந்து அடைச்சுக்கிட்டே இருந்தாக.” சொல்லும்போது அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை என்னை மடியில் இழுத்துக்கொள்ள வந்தாள். நான் கையைத் தட்டிவிட்டேன். அதன் பிறகு வெகுகாலம் அவள் வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. தன் உயிர்தான் பெரிதென்று ஓடிவந்துவிட்டு ஊருக்காகப் பொய் சொல்கிறாள் என்று உறுதியாக நம்பினேன். அவள் கத்தியிருந்தால் அம்மாவுக்குக் கேட்டிருக்குமே.